முள் காட்டாத காற்று

என் மனைவியின் இயற்பியல் தேர்வுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் இருந்த அழுத்தத்தைக் கொண்டு நான்கு ரயில்களை ஓட்டியிருக்கலாம். கல்யாணத்தோடு நின்றுபோன பள்ளிப் படிப்பை, தையல் கடையை மூடிய கையோடு மறுபடி எடுத்திருந்தாள். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது. இயற்பியல் மட்டும் இருமுறை காலை வாரியது. இதுவும் போனால் பாடத்திட்டம் மாறிவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

நான் துணி ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவன். நான் முறைத்தாலே தண்ணீர் கொதிக்கும் என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான். அழைக்காமலே அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"மூடின சிலிண்டர். கேஜ் ரெண்டு பார் அழுத்தம் காட்டுது. வெப்பநிலை இருபத்தேழு டிகிரி. நூத்தி இருபத்தேழுக்குச் சூடாக்கினா கேஜ் எவ்வளவு காட்டும்?" என்று படித்தாள்.

"டிகிரியைக் கெல்வினா மாத்து. முந்நூறு, நானூறு. ரெண்டை நாலால பெருக்கி மூணால வகு. ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. எழுதிட்டு டீ போடு!"

"புத்தகத்துல மூணுன்னு இருக்கே."

"அச்சுப்பிழை."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "நாளைக்கு எதைங்க எழுதுறது?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன்; மூன்று என்றுதான் போட்டிருந்தது. அவள் எழுந்துபோய், ஆலையில் எனக்குப் பிரிவு உபசாரமாகக் கொடுத்த பித்தளைக் கேஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். அதன் முள்ளை உற்றுப் பார்த்தாள்.

"இது இப்ப எவ்வளவு காட்டுது?"

"பூஜ்யம். எதோடயும் மாட்டலையே."

"அப்ப இந்த ரூம்ல காத்தே இல்லையா? நாம எதைங்க மூச்சு விடுறோம்?"

அவள் முகம் மெல்ல வெளிச்சமானது.

"வெளிக்காத்து ஒரு பார் அழுத்துது. உங்க முள்ளு அதைக் கணக்குலயே சேர்க்கல. ரெண்டோட அந்த ஒண்ணைச் சேர்த்தா மூணு. சூடாக்கினா நாலு. முள்ளு காட்டாத அந்த ஒண்ணை மறுபடி கழிச்சா... மூணுங்க!"

வாழ்நாளெல்லாம் கேஜைப் பார்த்தவனுக்கு அந்த ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

"அது பொண்டாட்டி மாதிரி," என்று சிரித்தாள். "எப்பவும் கூடவே இருக்கிறதால முள்ளு அசையாது."

"உன்னைப் பார்த்தா முள்ளு கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வெளிய குதிக்கும்டி."

"போதும், டீ போடுங்க."

போட்டேன். அண்டசராசரமும் மணக்கும்படி போட்டேன்.

மறுநாள் தேர்வு மையத்தின் வாசலில், கேஜைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே அவளுடைய நரைத்த தலை தெரிந்தது. தூரத்திலிருந்தே மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

காவலாளி பரிதாபமாக என்னைப் பார்த்தார். "மூணு மார்க்குதான் வருமா சார்?"

"மூணு பாருய்யா! அந்தக் கணக்கு வந்திருக்கு!"

மூச்சு வாங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மத்ததும் எழுதிட்டேங்க. தேறிடுவேன்."

கேஜை எடுத்துப் பார்த்தேன். அந்த நேரத்திலும் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது, பொய்க்கார முள்.