மஞ்சள் டியூப்லைட்

என் கண் மஞ்சளாக இருந்ததை முதலில் பார்த்தது அக்கா. ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் கேட்டேன். கொடுக்காமல் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எத்தனை நாளா குடிக்கிற?"

"குடிக்கல."

"அம்மா மேல சத்தியமா?"

"சத்தியத்த நீயே பண்ணிக்க. நான் குடிக்கல."

அக்காவின் புருஷன் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "மஞ்சக்காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்க. மாப்ள, நான் என்ன கலர்ல தெரியறேன்?"

"எப்பவும் போலத்தான் மாமா. வேலைக்குப் போகாத கலர்ல."

நான் பனியனில் எழுத்தும் படமும் அச்சடிக்கிற பட்டறையில் வேலை செய்தேன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒரு மருந்தைப் பூச வேண்டும். காய்ந்து படம் ஏறும்வரை அதில் வெள்ளை வெளிச்சம் பட்டால் இறுகிக் கெட்டுப்போகும். அதனால் அந்த அறையில் மஞ்சள் டியூப்லைட் மட்டும்தான். பழைய சட்டங்களில் ஒட்டிய மையைத் தின்னர் ஊற்றிக் கழுவுவதும் அதே அறையில். பட்டறைக்கு இருந்தது ஒரே தொட்டி. காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று சுவரில் இருந்தது. அதன் இடுக்கு வழியாக வெயில் வருகிறது என்று மேஸ்திரி அட்டை வைத்து அடைத்துவிட்டார். ஆறு மாதமாக எனக்கு ராத்திரி ஷிப்ட். விடியுமுன் வந்து போர்த்திக்கொண்டு படுப்பவன் கண்ணை யார் பார்ப்பார்கள்?

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவசரப்படவில்லை.

"கண்ணு மஞ்சளாக ஒரு காரணம் மட்டும் இல்ல. கிருமி ஈரலைத் தாக்கியிருக்கலாம். பித்தக்குழாய்ல கல் அடைச்சிருக்கலாம். ரத்த அணு அளவுக்கு மேல உடையலாம். சில மாத்திரையும் பண்ணும். சிலருக்குப் பிறவியிலேயே அப்பப்போ வரும், அது ஒண்ணும் பண்ணாது."

"குடி?"

"அதுவும்தான். ஆனா எல்லாரும் அதுலயே நின்னுடறாங்க."

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கிருமி இல்லை, கல் இல்லை, அணுக்களும் சரியாக இருந்தன. ஈரல் மட்டும் வீங்கியிருந்தது. கடைசியில் அவர் என் கையை முகர்ந்து பார்த்தார். மூன்று நாள் வேலைக்குப் போகாமல், மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்த கை. இன்னும் தின்னர் வாடை அடித்தது.

"இதுன்னுதான் சந்தேகப்படறேன். சந்தேகம்னுதான் எழுதித் தருவேன், சத்தியம் பண்ண முடியாது. அந்த ரூமுக்கு மட்டும் திரும்பப் போகாதீங்க. உங்ககூட வேலை செய்றவங்க கண்ணு எப்படி இருக்கு?"

அந்த அறையில் பல்லும் மஞ்சள், சுவரும் மஞ்சள். போன மாதம் கம்பெனி அனுப்பிய வைத்தியர்கூட அங்கேதான் எங்களை வரிசையாக நிறுத்தி, டியூப்லைட்டுக்கு நேராக இமையை இழுத்துப் பார்த்து, எல்லோருக்கும் 'நலம்' என்று எழுதிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை மேஸ்திரி படிக்காமலே மடித்துத் திருப்பித் தந்தார். பதிலுக்கு ஒரு ஃபாரம் நீட்டினார். நோய்க்கான காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: குடிப்பழக்கம்.

"கையெழுத்துப் போடு. திங்கக்கிழமை சேர்ந்துக்க. பேக்கிங்ல பகல் ஷிப்ட் தரேன்."

"நான் குடிக்கறதில்ல மேஸ்திரி."

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைப்பா இது. உனக்கு வந்தா தின்னரா? வேலை வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

வேலை வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்குப் பகல் ஷிப்ட் யாரும் சும்மா தரமாட்டார்கள். ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமா, "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை" என்றார். அக்கா தையலை நிறுத்தவில்லை.

"போடறதா இருந்தா, போற வழியில நிஜமாவே குடிச்சிட்டுப் போ. எழுதினதாவது பொய்யா இருக்காது."

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனேன். அறையில் இரண்டு பேர் தொட்டியோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒட்டடைக்குச்சி, உயரத்துக்காக வைத்த பெயர். இன்னொருவர் எல்லோருக்கும் சித்தி.

"ரெண்டு பேரும் வெளிய முற்றத்துக்கு வாங்க."

"பொண்ணு பார்க்கவா?" என்றான் ஒட்டடைக்குச்சி.

"கண்ணு பார்க்க."

வெயிலில் நின்றோம். ஃபாரத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். சித்தி என் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒட்டடைக்குச்சியைக் குனியச் சொல்லி அவன் கண்ணைப் பார்த்தார். அவர் கையிலிருந்த சாப்பாடு கீழே விழுந்தது.

"டேய், உனக்கும்டா."

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். சித்தியின் கண் வெளுப்பாகத்தான் இருந்தது. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மேஸ்திரி அந்த மஞ்சள் அறையின் வாசலுக்கு வந்தார். "என்ன கூட்டம்?"

"இவன் இருமல் மருந்து குடிச்சாலே ரெண்டு நாள் தூங்கறவன்," என்று ஒட்டடைக்குச்சியைக் காட்டினார் சித்தி. "இவனுக்கும் குடின்னு எழுதுவீங்களா?"

"உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"நீங்க வெளிய வாங்க மேஸ்திரி," என்றேன். "இந்த ரூம்ல பத்து வருஷமா இருக்கீங்க. ஒரு நிமிஷம் வெயில்ல நில்லுங்க."

அவர் வரவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

நான் ஃபாரத்தை எடுத்தேன். குடிப்பழக்கம் என்பதை அடித்தேன். தின்னர், அடைத்த ஃபேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒட்டடைக்குச்சி பேனாவை வாங்கி என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான். சித்திக்கு எழுத வராது. கட்டைவிரலைக் கறுப்பு மையில் தோய்த்து வைத்தார்.

"வேலைய மறந்துடு," என்றார் மேஸ்திரி.

"சரி."

அவரைத் தாண்டி உள்ளே போய் ஃபேன் ஓட்டையில் இருந்த அட்டையைப் பிடித்து இழுத்தேன். டேப்போடு கிழிந்து வந்தது. பூசி வைத்த ஆறு சட்டங்களின் மேலும் வெயில் விழுந்தது. ஆறும் போயின. மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடிவந்து ஓட்டைக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் மறைத்தார். வெளிச்சம் நேராக அவர் முகத்தில் அடித்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சித்தியும் உள்ளே வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"திறங்க மேஸ்திரி. பார்த்துடலாம்."