கழித்தல் இல்லாத கணக்கு

முதல் கப்பல் இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தை விட்ட அன்று, சுரங்க ஊரிலிருந்த ஆணிகள் அத்தனையும் காணாமல் போயின. நாட்காட்டிகளும் கல்யாணப் படங்களும் தரையில் கிடந்தன; சுவரில் ஓட்டை மட்டும் மிச்சம். புது ஆணி வாங்கி அடித்தார்கள். இரண்டாவது கப்பலோடு கதவுக் கீல்கள் போயின. கதவைச் சாத்துவதற்குப் பதில் சாய்த்து வைக்கப் பழகினார்கள். பிறகு வந்த வருடங்களில் வாளிக் கைப்பிடி, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் என்று கப்பலுக்கு ஒரு வகை போனது. புகார் எழுத உட்கார்ந்த போலீஸ்காரரின் கைவிலங்கும் ஒருநாள் போனது.

தலைநகரில், நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் அலுவலகத்துக்கு இதெல்லாம் நல்ல செய்தி. தாது விற்ற பணம் வருமானம். ஆணியும் கீலும் திரும்ப வாங்கியது வியாபாரம், ஆகவே அதுவும் வளர்ச்சி. தோண்டி எடுத்ததை எங்கும் கழிக்கவில்லை. கழிக்க இடமே வைக்கவில்லை. இயக்குநருக்கு முதுகுக்குப் பின்னால் 'கூட்டல் சார்' என்று பெயர்.

அந்த அலுவலகத்துக்கு, சுரங்கத்தில் பாறை துளைப்பவரின் மகள் வேலைக்கு வந்தாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வந்த வாரமே இயக்குநரிடம் கேட்டாள்.

"வீட்டு பீரோவ வித்துச் சாப்பிட்டா, அது வருமானமா சார்?"

"ஏம்மா, மண்ணுக்கு அடியில கிடந்தப்போ அதுக்கு விலையே இல்ல. விலை இல்லாதது குறைஞ்சா என்ன குறையப் போகுது?"

குறையப் போவது எது என்று அவளுக்குத் தெரியும். சுரங்கக் கூரை சரிந்து தொடை எலும்பு முறிந்த அப்பாவை, உள்ளே இரும்புக் கம்பி வைத்துத்தான் நடக்க விட்டிருந்தார்கள். ஊரில் போவதற்கு இனி அதிகம் மிச்சமில்லை. "அடுத்த கப்பல் எனக்குத்தான்" என்று அவர் சிரித்துக்கொண்டார். ஊரை விட்டு வந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்து அவரைத் தலைநகருக்கு அழைத்து வந்தாள். கையோடு இயக்குநர் அறைக்கும் கூட்டிப் போனாள்.

"இவர் காலுக்கு என்ன விலை போடுவீங்க சார்?"

"முதல்ல உட்காருங்க பெரியவரே."

"பரவால்ல சார். நிக்கிற வரைக்கும் நின்னுக்கறேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வலது கால் துணி மடிவதுபோல் மடிந்தது. துறைமுகத்தில் கப்பல் கிளம்பியிருந்தது. இயக்குநர் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். கெட்ட மனிதர் அல்ல. "ஆஸ்பத்திரிச் செலவு பெருசா வரும்மா. அதுவும் இந்த வருஷ வளர்ச்சியிலதான் சேரும்" என்று ஆறுதல் சொன்னார்.

அப்பா புதுக் கம்பியோடு ஊர் திரும்பினார். அந்த வருட அறிக்கையில் மகள் கப்பல் சரக்கின் முழு விலையையும் கழித்தாள். வளர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே போனது. அச்சுப்பிழை என்று சொல்லி அமைச்சர் அந்த வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். மறு வருடமும் கழித்தாள், மறு வருடமும் எடுத்தார்கள். எடுப்பதற்கென்றே ஓர் ஆளை நியமித்தார்கள். அவருடைய சம்பளமும் வளர்ச்சியில் சேர்ந்தது.

கப்பல் கிளம்பும் நேரத்தை ஊருக்கு வானொலியில் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று அவள் கேட்டதற்கு மட்டும், அதிகம் செலவில்லை என்பதால், அனுமதி கிடைத்தது. இப்போது அறிவிப்பு வந்ததும் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைக்கிறார்கள், பஸ்ஸை ஓரங்கட்டுகிறார்கள், அப்பா பாயில் படுத்துக்கொள்கிறார். கப்பல் போன பிறகு எதெது இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டு, இருப்பதை வைத்து எல்லோரும் மீதி வேலையைப் பார்க்கிறார்கள்.