மறுபரிசோதனைக்கு வராதவர்

டாக்டர் ஜெபிஷின் சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருப்பது நர்ஸ் சகாயசெல்விக்குத் தெரியும். ஐந்து மணிக்கு அது மேலாளர் மேசைக்குப் போய்விடும். சுனாமிக்கு மறுவருடம் வேலைக்குச் சேர்ந்தவர் டாக்டர்; ஆறு வருடமாக அவர் கூடவே நிற்கிறாள் இவள். ஊரெல்லாம் அவரைக் கைராசிக்காரர் என்கிறது. அவருக்கு மட்டும் அந்த நம்பிக்கை போய்விட்டது.

“மறுபரிசோதனைக்கு வாறேன்னு போனவங்கள்ல பன்னெண்டு பேரு வரல்ல சிஸ்டர். செத்திருப்பாங்க. பின்ன எதுக்கு இந்த வேலை?”

அந்தப் பன்னிரண்டில் அவரை அரித்துக்கொண்டிருந்தவர் முட்டம் சிலுவைதாசன். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். மூச்சுமுட்டி வந்தவருக்குத் தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்துத்தான் உயிரைப் பிடித்தார் டாக்டர். குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோதும் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. பிறகு ஆளைக் காணோம்.

அன்று காலை ஊசி போட வந்த முட்டத்துப் பெண் ஒரு சேதி சொன்னாள். கேட்டதிலிருந்து சகாயசெல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று மணிக்கு டாக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

“எங்கன்னாவது சொல்லுங்க சிஸ்டர்.”

“கொஞ்சம் சும்மா இரிங்க சாரே. கண்ணால பாத்தாத்தான் நம்புவிய.”

முட்டத்தில் வள்ளங்கள் கரையேறியிருந்தன. கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் கரையையே கிடுகிடுக்க வைத்தது.

“துடிக்குத சாளையாக்கும் மக்கா! ஒரு தரம்! ரெண்டு தரம்!”

டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். அந்த ஆளின் கழுத்துக் குழியில் அவர் போட்ட தழும்பு.

“சிலுவைதாசண்ணே!” என்று கத்திக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினார். ஏலத்தில் கை தூக்கினால் கூடுதல் விலைக்குக் கேள்வி கேட்டதாகிவிடும் என்று, கடலே இல்லாத மார்த்தாண்டத்திலிருந்து வந்த டாக்டருக்கு எங்கே தெரியும்!

“கேள்வி கூடிட்டு! கூடை டாக்டருக்கு!”

கரை குலுங்கிச் சிரித்தது. சிலுவைதாசன் ஓடிவந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் வரல்ல?” என்றார் டாக்டர்.

“சொகமான பொறவு ஆசுபத்திரி நடை ஏறினா நோவு கூடவே வந்திரும்னு பெண்டாட்டி விடமாட்டேங்கா சாரே. இந்தத் தொண்டை ஒங்களுக்க தொண்டையாக்கும்!”

டாக்டர் சிரித்தார், அழுதார், இரண்டையும் மறைக்கவில்லை.

திரும்பும்போது மணி நாலே முக்கால். மடியில் மீன்கூடை. டாக்டர் சட்டைப்பையில் கையை விட்டார். சகாயசெல்வி அந்தக் கையையே பார்த்தாள்.

கடிதத்தை எடுத்தார். புரட்டினார். பின்பக்கத்தில் பேனாவை வைத்தார்.

“இன்னும் பதினோரு பேரு உண்டுல்லா? அதுல ராஜையனுக்க வீடு எங்க சிஸ்டர்?”