மாமியின் கைப்பையிலிருந்து வந்த நூல்

தில்லையடியில் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், அங்கேயே இருக்கும் றஹ்மத் உம்மாவின் வட்டமான குரோஷே விரிப்பு அந்த வீட்டு மேசைக்கு வந்துவிடும். "மகள்ட கைவேலை" என்பார்கள் வீட்டுக்காரர்கள். "மாஷா அல்லாஹ்" என்பார்கள் வந்தவர்கள். மறுநாள் அது கழுவி மடித்துத் திரும்பிப் போகும்.

சபூராவின் உம்மாவும் அதைத்தான் இரவல் வாங்கினார். சபூரா வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள்.

"சும்மா இருங்க மகள். விஞ்ஞானப் பட்டத்தை மேசையில விரிக்க ஏலா."

மாப்பிள்ளையின் தாய் பளீலா தன் தங்கையோடு வந்தார். கதிரையில் இருந்ததும் விரிப்பைத் தடவிப் பார்த்தார்.

"மகள் பின்னினதா?"

"ஓம், ஓம்," என்றார் உம்மா.

"வடிவா இருக்கு. போன மாசம் பின்வீட்டுல பொண்ணு பாக்கக்குள்ளயும் இந்தத் தேத்தண்ணிக் கறை இருந்திச்சு."

உம்மா தலை குனிந்துகொண்டார். தங்கைக்காரி முக்காட்டு முனையால் வாயை மூடிச் சிரித்தார்.

பளீலா போகிற இடமெல்லாம் பின்னுகிறவர். கைப்பையைத் திறந்து கொக்கி ஊசியையும் நூல் நுனியையும் சபூராவிடம் நீட்டினார். நூலுருண்டை பைக்குள்ளேயே கிடந்தது.

"ஒரு வட்டம் தொடங்கிக் காட்டுங்க, பாப்பம்."

"அந்த விரிப்பு றஹ்மத் உம்மாட," என்றாள் சபூரா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "நான் பின்னல்ல மாமி. எனக்குத் தொடங்க மட்டும்தான் தெரியும். அதுவும் போன்ல பாத்தது."

"தெரியாட்டி வைங்க."

"இல்ல, தொடங்கிறன்."

நூலை விரலில் சுற்றி வளையமாக்கினாள். அதற்குள் ஆறு கண்ணிகள் போட்டு நூல் நுனியை இழுத்தாள். நடுத்துளை மூடிக்கொண்டது. பிறகு கண்ணிக்கொன்றாகப் போட்டுக்கொண்டு போனாள். விளிம்பு மேலே எழும்பத் தொடங்கியது.

"வட்டம் கேட்டா தொப்பி வருது," என்றார் தங்கைக்காரி. "கோழி முட்டைக்கு அளவா இருக்கும்."

சபூராவுக்குப் பிழை விளங்கியது. நடுவிலிருந்து விலக விலகச் சுற்றளவு கூட வேண்டும். கண்ணிகள் கூடாவிட்டால் விளிம்பு எழும்பத்தான் செய்யும். பதற்றத்தில் அதை விட்டுவிட்டாள். ஒரே இழுவையில் முழுவதையும் அவிழ்த்தாள்.

"திரும்பத் தொடங்கிறன்."

"அவசரமில்ல மகள்," என்றார் பளீலா. "கலியாணம் முடிய வீட்டோட இருந்து பழகலாம். வண்ணாத்திவில்லுக்கு பஸ்ஸுல போய்ப் படிச்சுக் குடுக்கிறது எங்களுக்குச் சரிவராது. அந்த நியமனத்த விட்டிருங்க."

"அதுக்கென்ன, விடுவா," என்றார் உம்மா அவசரமாக.

பட்டம் முடித்த நாள் முதல் சபூரா காத்திருந்தது அந்த ஆசிரியர் நியமனத்துக்குத்தான். அது இப்போதுதான் கிடைத்திருந்தது; திங்கட்கிழமை பாடசாலைக்குப் போக வேண்டும். அவள் தலை நிமிரவில்லை. ஊசியும் நிற்கவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு போட்டாள்.

"விடமாட்டன் உம்மா."

"என்ன மகள் சொன்னீங்க?" என்றார் பளீலா.

"திங்கக்கிழமை போறன், மாமி. கலியாணம் முடிஞ்சாலும் போவன். சரிவராட்டி இப்பவே சொல்லிடுங்க."

"சரிவராது."

"சரி, மாமி."

"புள்ளை தெரியாமக் கதைக்கிது ராத்தா..." என்று உம்மா எழும்பினார். பளீலா அதைக் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். இரண்டு எட்டு வைக்குமுன் நூல் இழுத்தது. உருண்டை அவர் பைக்குள், மறுமுனை சபூராவின் விரலில்.

உம்மா கத்தரிக்கோல் எடுக்கக் குசினிக்கு ஓடினார். வெளியே அவர்களைக் கூட்டி வந்த வான்காரர் ஹோர்ன் அடித்தார்.

"நூலை அறுங்க புள்ள," என்றார் பளீலா.

"இந்தச் சுற்று முடியல்ல மாமி." இந்தச் சுற்றுக்கு ஒரு கண்ணிக்குள் இரண்டு, அடுத்ததில் ஒன்று. மீண்டும் இரண்டு, ஒன்று. வட்டம் மடியில் தட்டையாகக் கிடந்தது.

"எங்களுக்கு நேரமாகுது."

"நீங்கதானே தொடங்கச் சொன்னது. முடிச்சுத் தாறன்."

கத்தரிக்கோலோடு வந்த உம்மா இருவருக்கும் நடுவில் நின்றார். பளீலாவைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார். அது பின்னுவதை நிறுத்தவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க ராத்தா," என்றார். "முடியட்டும்."

நூல் மறுபடி இறுகியது. பளீலா நின்றபடியே பையைத் திறந்து, உருண்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டியிருந்தது.