ஐஸ் பேக்கில் தண்ணீர் ஆடும் வரை

“ஒரே ஒரு வரியை மட்டும் மாத்துங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்,” என்றார் இயக்குநர்.

மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு ஸ்டோர் அக்கா என்றுதான் பெயர். சுகாதாரத் துறையின் தடுப்பூசிக் கிடங்குக்குப் பொறுப்பாளர். இருபத்தாறு வருட சர்வீஸ், ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம்.

“எந்த வரி சார்?”

“பதினோராம் பக்கம். ‘தடுப்பூசி உறைந்துபோனதற்குக் காரணம் துறையின் கையேட்டில் உள்ள விதி’ன்னு எழுதியிருக்கீங்க. அதை எடுத்துட்டு ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ன்னு போடுங்க. விஷயம் முடிஞ்சது.”

“கையேட்டை எழுதின குழுவுக்கு நீங்கதானே தலைவர் சார்?”

இயக்குநர் பேனாவை மூடினார். அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘நூற்றுக்கு நூறு’ என்று பட்டப்பெயர். எந்த அறிக்கையில் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று வந்தாலும் அதைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார். மறுநாளே அது நூறாகி வரும். எப்படி ஆனது என்று கேட்க மாட்டார்.

“உங்க தம்பியும் நம்ம வண்டிதானே ஓட்டுறார்? அந்தக் கவலை வேண்டாம். ஒன்பது ஓட்டுநர் இருக்காங்க. வேற யார் பேரையாவது போட்டுக்கலாம்.”

ஸ்டோர் அக்கா அறிக்கையை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“மாத்த மாட்டேன் சார்.”

“நாளன்னைக்குச் செயலாளர் முன்னாடி இதையே பேசுனீங்கன்னா, அடுத்த வாரம் மலைமேல இருக்கிற கிடங்குல உட்கார்ந்திருப்பீங்க. முட்டி வலி இருக்கிறவங்க. யோசிச்சுக்கோங்க.”

“யோசிச்சுட்டுத்தான் சார் எழுதினேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முட்டி வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

விஷயம் ஆரம்பித்தது ஐந்து மாதம் முன்னால். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்தி நேராகக் கிடங்குக்கு வந்து, ஒரு ரெஜிஸ்டரை மேஜைமேல் போட்டாள்.

“அக்கா, இதுல நாற்பது குழந்தைங்க. அத்தனை பேருக்கும் மூணு தவணையும் நான்தான் ஊசி போட்டேன். இப்ப பதினோரு பேருக்குக் கக்குவான் இருமல். ஒண்ணு ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறுது. அதோட அம்மா என்னைப் பார்த்து, ‘தண்ணியத்தான் குத்துனியா’ன்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல?”

ஸ்டோர் அக்கா கிடங்கின் பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். கிடங்கின் குளிர்சாதனப் பெட்டி சரியாக இருந்தது. மருந்தின் காலாவதித் தேதி சரியாக இருந்தது. எல்லாப் படிவத்திலும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அப்படி இருந்தும் பதினோரு குழந்தைகள் இருமின.

அந்தச் சமயத்தில்தான் தலைமையக ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. களத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே ஆராயலாம், கருவி தருகிறோம், முடிவைக் கொள்கைக் கூட்டத்தில் வைக்கலாம் என்று. வழக்கமாக இந்த மாதிரிச் சுற்றறிக்கைகள் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் தொங்கிவிட்டு டீ கிளாஸுக்கு அடியில் போகும். ஸ்டோர் அக்கா விண்ணப்பம் போட்டாள். வந்தது என்ன தெரியுமா? தீப்பெட்டி அளவில் ஆறு கருவிகள். பெட்டிக்குள் போட்டுவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எத்தனை டிகிரி என்று அதுவே பதிந்துகொள்ளும்.

அந்தக் கருவிகளை முதலில் உற்சாகமாக வாங்கிக்கொண்டவன் அவள் தம்பிதான். இருபது வருடமாகத் தடுப்பூசி வேன் ஓட்டுகிறவன். சக ஓட்டுநர்கள் அவனை ஐஸ்கட்டி என்று கூப்பிடுவார்கள். அவன் கொண்டுபோகும் குளிர்பெட்டியைத் திறந்தால் கை மரத்துப்போகும் என்பது எல்லா நர்ஸுக்கும் தெரியும்.

“வை அக்கா, எத்தனை வேணும்னாலும் வை. கொளுத்துற வெயில்ல நாலு மணி நேரம் ஓட்டுறேன். எட்டு டிகிரியைத் தாண்டுச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்.”

மீசைக்கு ஆபத்து வரவில்லை. ஒன்பது ஓட்டுநர்களின் பெட்டிகளிலும் கருவியை மாற்றி மாற்றி வைத்து மூன்று மாதம், தொண்ணூறு பயணம். ஒன்றில்கூட எட்டைத் தாண்டவில்லை. ஆனால் எட்டைத் தாண்டக்கூடாது என்று சொன்ன கையேட்டின் அதே பக்கத்தில், இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது என்று இருந்தது. முப்பத்தெட்டு பயணத்தில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தது. சிலவற்றில் மைனஸ் நான்கு.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அவள் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கே வந்து, சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். தம்பி டீப் ஃப்ரீசரைத் திறந்தான். கல் மாதிரி உறைந்த ஐஸ் பேக்குகளை எடுத்தான். எடுத்த வேகத்தில் பெட்டிக்குள் நான்கு பக்கமும் அடுக்கினான். நடுவில் மருந்துக் குப்பிகள். மூடி போட்டான். மொத்தம் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு ஐஸ் பேக் தரையில் பட்டுவிட்டால்கூடத் துடைத்துத்தான் வைப்பான், அவ்வளவு அக்கறை.

அந்த அக்கறைதான் குப்பியைக் கொன்றது. அந்த மருந்து ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு இளகினாலும் வெறும் வெள்ளைத் தண்ணீர்தான். ஐஸ் பேக்கை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்புறம்தான் அடுக்க வேண்டும். கையேட்டில் அந்த வரி இல்லை. ‘நன்கு உறைந்த ஐஸ் பேக்குகளையே பயன்படுத்துக, ஏற்றுவதில் தாமதம் கூடாது’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒன்பது ஓட்டுநரும் அதைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதை முதலில் தம்பியிடம்தான் சொன்னாள். அதோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

அக்கா மாடியில், தம்பி குடும்பம் கீழே. இரண்டு வாரமாகப் பேச்சு தம்பி மனைவி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு முந்தைய சாயங்காலமும் அப்படித்தான்.

“இருபது வருஷமா குழந்தைங்களுக்கு விஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேனாமா? யாராவது கேட்டுச் சொல்லுங்க,” என்றான் சுவரைப் பார்த்து.

“அண்ணி, உங்க தம்பி கேக்கறார்,” என்றாள் அவன் மனைவி. ஒரு கையில் துவைத்த துணி.

“விஷம்னு யாரும் சொல்லலை. வேலை செய்யாத மருந்துன்னுதான் சொன்னேன்னு சொல்லு.”

“நாளைக்குப் பெரிய கூட்டத்துல என் பேரைச் சொல்லப் போறாங்களாமே, உண்மையான்னு கேளு.”

“அவரையே என்னைக் கேக்கச் சொல்லு.”

“ரெண்டு பேரும் ஒரே கூடத்துலதான் இருக்கீங்க,” என்றாள் அவள். “நடுவுல நான் என்ன டெலிபோன் கம்பியா? துணி காயப்போடணும், வழி விடுங்க.”

தம்பி அக்காவைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. “சொல்லு அக்கா. என் பேரா?”

“உன் பேர் அதுல எங்கேயும் இல்லை. இருக்கவும் இருக்காது.”

“அப்ப யார் பேர்?”

“யார் பேரும் இல்லைடா.”

அவன் நம்பவில்லை. இந்த ஆபீஸில் எது நடந்தாலும் கடைசியில் கீழே இருக்கிறவன் பேர்தான் வரும் என்று அவனுக்கு இருபது வருட அனுபவம். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இயக்குநர் பேசிய பேரத்தை அவள் சொல்லவில்லை. தம்பியைக் காப்பாற்றத்தான் அக்கா போராடினாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. அதில் அவளுக்குப் பிடிவாதம்.

மறுநாள் கூட்ட அறையில் இருபது பேர். நடுவில் சுகாதாரச் செயலாளர், தலை நரைத்த அம்மாள், ஒரு சிரிப்பும் இல்லாத முகம். பக்கத்தில் இயக்குநர். ஸ்டோர் அக்காவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அவள் மேஜைமேல் மூன்று குப்பிகளை வைத்தாள். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே தொகுதி.

“ஒண்ணு, கிடங்கை விட்டு வெளியவே போகாதது. ரெண்டு, நானே ஃப்ரீசர்ல வெச்சு உறைய வெச்சு இளக வெச்சது. மூணு, போன செவ்வாய்க்கிழமை நம்ம வேன்ல போயிட்டு வந்தது. அம்மா, மூணையும் நீங்களே குலுக்கி வையுங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பார்ப்போம்.”

“இதெல்லாம் எதுக்கு?” என்றார் இயக்குநர். “அறிக்கை இருக்கு, அதைப் படிங்க.”

“அறிக்கையில ஒரு வரியை மாத்தச் சொன்னீங்க சார். குப்பியில மாத்த முடியாதில்ல, அதான்.”

யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். செயலாளர் மூன்றையும் குலுக்கி வரிசையாக வைத்தார். ஸ்டோர் அக்கா பேச ஆரம்பித்தாள். தொண்ணூறு பயணம், முப்பத்தெட்டு உறைதல், ஒன்பது ஓட்டுநர், எல்லார் பெட்டியிலும் ஒரே கதை. பேசி முடிப்பதற்குள்ளேயே எல்லார் கண்ணும் குப்பிகளுக்குப் போய்விட்டது. முதல் குப்பி மோர் மாதிரிக் கலங்கியே இருந்தது. இரண்டாவதில் வெள்ளை கீழே படிந்து, மேலே தெளிந்த தண்ணீர். மூன்றாவதிலும் அதே தெளிந்த தண்ணீர்.

“இது ஓட்டுநர்களோட கவனக்குறைவு,” என்றார் இயக்குநர் சட்டென்று. “நடவடிக்கை எடுக்கிறோம்.”

“ஒருத்தர் தப்பு பண்ணினா கவனக்குறைவு. ஒன்பது பேரும் ஒரே தப்பை ஒரே மாதிரி பண்ணினா, அவங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கோம்னு அர்த்தம்.” அவள் குரல் உயரவில்லை. “அம்மா, இதுல ஒரு ஓட்டுநர் என் தம்பி. அவன் பேருக்குப் பதிலா வேற ஒருத்தன் பேரை எழுதித் தரச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். நாளைக்கு ஒன்பது பேரையும் வேலையை விட்டு எடுத்தாலும், புதுசா வர்ற ஒன்பது பேரும் அதே கையேட்டைத்தான் படிப்பாங்க.”

செயலாளர் மூன்றாவது குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கக்குவான் வந்த பகுதியில குழந்தைங்களுக்கு மறுபடி ஊசி போட இன்னைக்கே உத்தரவு போடறேன்,” என்றார். “கையேட்டை மாத்தக் குழு அமைக்கணும். மூணு மாசம் ஆகும்.”

“அதுவரைக்கும் அம்மா?”

“அதுவரைக்கும் இருக்கிற விதிதான். வேற வழியில்லை.”

இயக்குநர் முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பி வந்தது. வெளியே வராந்தாவில் அவளைத் தாண்டிப் போகும்போது சொன்னார்: “மூணு மாசம் ரொம்ப நீளம்மா. மாற்றல் உத்தரவுக்கு மூணு நாள் போதும்.”

ஓட்டுநர்களுக்குத் தெரியாத ரகசியம் எந்த ஆபீஸிலும் கிடையாது. கூட்டம் கலைவதற்குள் செயலாளரின் ஓட்டுநருக்கு விஷயம் தெரிந்தது. அவர் டீக்கடையில் வாயைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் வேன் ஷெட்டுக்கு வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஸ்டோர் அக்கா கிடங்குக்குள் நுழைந்தபோது முற்றத்தில் நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். மேஜை முழுக்க ஐஸ் பேக்குகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக. மற்ற எட்டு ஓட்டுநர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தம்பி ஒரு ஐஸ் பேக்கைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

“என்னடா இது?”

“தண்ணி ஆடலை அக்கா. இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.” இரண்டு வாரம் முகம் கொடுக்காதவன், நேற்று விட்ட பேச்சைத் தொடர்பவன்போலச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தாளு உன்கிட்டப் பேரம் பேசினதை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றான்.

“சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?”

“அவர் ரூமுக்கே போய் நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.”

“அதான் சொல்லலை.”

ஆறரைக்கு வண்டிகள் கிளம்ப வேண்டும். ஆறரை ஆனது, கிளம்பவில்லை. ஆறே முக்காலுக்கு இயக்குநரின் கார் வந்தது. அவருக்கும் யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும்.

“என்ன நடக்குது இங்க? விதிப்படி உடனே ஏத்துங்க.”

“விதி மூணு மாசம் கழிச்சு மாறட்டும் சார். எங்க பெட்டி இன்னைக்கு மாறிடுச்சு,” என்றான் தம்பி.

“ஒன்பது பேருக்கும் மெமோ போடுவேன்.”

“போடுங்க சார்,” என்றார் எல்லாரிலும் வயதான ஓட்டுநர். “எங்க பேரெல்லாம் உங்களுக்குத் தெரியாது. எழுதித் தரவா?”

ஸ்டோர் அக்கா உள்ளே போய் வண்டி புறப்பாட்டு ரெஜிஸ்டரை எடுத்து வந்தாள். ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டம், தாமதமே ஆகாததால் இருபது வருடமாகக் காலியாகவே இருந்தது. நின்றபடியே அதில் எழுதினாள்: ‘ஐஸ் பேக் இளகக் காத்திருந்தது. உறைந்த மருந்தை அனுப்ப இந்தக் கிடங்கு மறுக்கிறது. உத்தரவு: பொறுப்பாளர்.’ கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டாள். ஒன்பது வரியிலும் அதையே எழுதினாள்.

“இதை அழிங்க,” என்றார் இயக்குநர்.

“இது பேனாவுல எழுதினது சார். செயலாளருக்கு ஒரு பிரதி போகும், ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு பிரதி போகும். தினமும் போகும். மலைமேல இருக்கிற கிடங்குலயும் இதே ரெஜிஸ்டர்தான் இருக்கும், அங்கயும் இதையேதான் எழுதுவேன். உடனே ஏத்தணும்னு நீங்க நினைச்சா, உறைஞ்சாலும் பரவாயில்லைன்னு எதிர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஏத்தச் சொல்றேன்.”

பேனாவை நீட்டினாள். இயக்குநர் அதை வாங்கவில்லை. மேஜைமேல் வியர்த்துக்கொண்டிருந்த ஐஸ் பேக்குகளை ஒருமுறை பார்த்தார். பிறகு காருக்குப் போனார். கார் உடனே கிளம்பவில்லை. உள்ளே உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் பையில் போன் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நர்ஸ்.

“அக்கா, வேன் கிளம்பிடுச்சா? மறுபடி ஊசின்னு சொன்னதும் தாய்மாருங்க காலையிலேயே வந்து உட்கார்ந்துட்டாங்க. அந்த ஆஸ்பத்திரிக் குழந்தையோட அம்மாகூடச் சின்னவளைத் தூக்கிட்டு வந்திருக்கா. லேட்டுன்னா என்னைத்தான் திட்டுவாங்க.”

“முக்கால் மணி நேரம் லேட்டா வரும். இனிமே தினமும் அப்படித்தான். திட்டினா வாங்கிக்கோ, ஏன் லேட்டுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் விவரமாச் சொல்லு. நீ பயப்படாம குத்தலாம், அதுக்குத்தான் இந்த லேட்டு.”

முற்றத்தில் தம்பி இன்னொரு ஐஸ் பேக்கை எடுத்து ஆட்டினான். சலசலவென்றது. கையைத் தூக்கினான். ஒன்பது பேரும் பெட்டிகளைத் திறந்தார்கள்.