யாருடைய இடது

இதுக்கு என்ன பேரு என்று கேட்டான், இல்லை, கேட்டது நான்தான், மேலே கயிற்று மாடத்தின் கம்பியில் வயிறு பதியக் குனிந்து நின்றவன் அவன், கீழே வெறும் பலகைத் தரையில் கையில் ஒரு தாளோடு அண்ணாந்து நின்றவள் நான், பெரிய சிவப்புத் திரை பாதி தூக்கப்பட்டு அப்படியே நின்றிருந்தது, அதன் அடியில் காலி இருக்கைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, நான் பலகையைக் காலால் தட்டிக் காட்டினேன், யெவிஷ்டே என்றான், ஸ்டேஜ் என்றேன், அவன் இருக்கைகளைக் காட்டி ஹ்லெதிஷ்டே என்றான், ஆடிட்டோரியம் என்றேன், திரையைக் காட்டினான், ஓபொனா, கர்ட்டன், தாளில் ஒரு பக்கம் அவனுடைய செக் சொல், மறுபக்கம் என்னுடைய ஆங்கிலச் சொல், உங்க மொழியில என்ன சொல்வீங்க என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான், மேடை, திரை, அதுக்கு மேல எங்களுக்கும் இங்கிலீஷ்தான் என்றேன், பாவம் என்று சிரித்தான், யாரைப் பாவம் என்றான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, செக் நாட்டின் பில்சன் நகரத்தில் ஒரு நாடக விழாவுக்காகப் புதுச்சேரியிலிருந்து எட்டுப் பேர் போயிருந்தோம், எனக்கு ஒளியமைப்புப் பொறுப்பு, அவன் பெயர் ராடிம், அந்த அரங்கின் கயிறுகள் அவன் பொறுப்பு, மேலேயிருந்து எது இறங்கினாலும் அவன் கை வழியாகத்தான் இறங்கும், நாங்கள் எட்டுப் பேரும் அந்தக் கையை நம்பித்தான் கீழே நடமாட வேண்டியிருந்தது.

நாற்பத்து மூன்று சொற்கள் எழுதினோம், இரண்டு மத்தியானம் ஆயிற்று, தரையில் திறக்கும் பொறிக்கதவு ப்ரொபட்லோ, நடிகனுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவர் நாபொவ்யெடா, ராடிம் நிற்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ஃப்ளை லாஃப்ட், பறக்கும் மாடம் என்றேன், செக்கில் அது ப்ரொவசிஷ்டே, கயிறுகள் இருக்கும் இடம், அவ்வளவுதான், நாங்க கயித்தப் பாக்குறோம், நீங்க பறக்கறதப் பாக்குறீங்க என்றான், அரங்கத்தின் உச்சியில் கூரையை முட்டிக்கொண்டிருக்கும் மலிவு இருக்கைகளுக்கு ஆங்கிலேயர்கள் காட்ஸ், தேவர்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவர்கள் ஊரில் அது பிதீல்கோ, கோழி அடையும் கம்பு, அன்று சாயங்காலம் திருச்சி உறையூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன், அம்மா முப்பத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், நைட் டியூட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போய்த் தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் இருக்க பால்கனி டிக்கெட்டே எடுத்து, படம் தொடங்கிய பத்தாவது நிமிடம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுபவள், கோழியோ சாமியோ, அங்கேருந்து பாத்தா மூஞ்சி தெரியுதா இல்லையா அதச் சொல்லு என்றாள், தெரியுதும்மா என்றேன், யாரு மூஞ்சின்னு நான் கேக்கல என்றாள், நான் அண்ணாந்து பார்ப்பது யாரை என்று அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இடது, வலது என்ற சொற்களும் அந்தத் தாளில் இருந்தன, லெவா என்றால் இடது, ப்ரவா என்றால் வலது, அதில் பிழை இல்லை, எந்த அகராதியும் அப்படித்தான் சொல்லும், ஆனால் நான் நாடகம் படித்த முறையில் இடது என்றால் மேடையில் நின்று சபையைப் பார்க்கிற நடிகனின் இடது, அந்த அரங்கத்தில் இடது என்றால் இருக்கையில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறவரின் இடது, இரண்டும் நேரெதிர், இது அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, கேட்க வேண்டும் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை, ஒத்திகை நாள், மேலே இரண்டு குழாய்களில் இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலியோடு இரண்டு ஊஞ்சல் பலகைகள், இடப்பக்கத்து ஊஞ்சல் இறங்க வேண்டும், நான் லெஃப்ட் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அவன் ஒரு விநாடி தயங்கி எது என்று கேட்டிருப்பான், நான் அவன் மொழியில் சொல்லி அவனை அசத்த நினைத்தேன், லெவா என்று கூவினேன், உச்சரிப்பு சரியாக வந்ததில் எனக்கே பெருமை, அவன் மறுபேச்சில்லாமல் இறக்கினான், அந்தப் பக்கம் எங்கள் குழு நடிகர் கலியமூர்த்தி அண்ணன் குனிந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார், ஊஞ்சல் அவர் தலைக்கு நேரே வருகிறது, ராடிம் மேலேயிருந்து பார்த்துவிட்டு ஓடுகிற கயிற்றை வெறுங்கையால் பிடிக்கிறான், கயிறு அவனையே ஒரு முழம் தூக்குகிறது, அவன் விடவில்லை, பலகை அண்ணன் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்று ஆடுகிறது, அண்ணன் நிமிர்ந்து பார்த்து, என்னப்பா, ஊஞ்சல் என்னையத் தேடிக்கிட்டு வருது என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், மேலே ஒருவன் தன் உள்ளங்கைத் தோலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு மட்டும் தெரிகிறது.

ராடிமின் தோள்பட்டையில் ஒரு தசைநார் அறுந்திருந்தது, மூன்று மாதம் கட்டு, இன்றைக்கும் வலது கையைக் காதுக்கு மேல் தூக்க அவனால் முடியாது, சட்டையில் அந்தக் கையைத்தான் முதலில் நுழைப்பான், ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது, உன் புஸ்தகமும் சரி, என் புஸ்தகமும் சரி, நடுவுல நின்ன அந்த வேட்டிக்காரர்தான் தப்பு என்றான், குழு ஊர் திரும்பிற்று, நான் விசாவை இரண்டு வாரம் நீட்டித்துக்கொண்டேன், பிறகு ஒரு வருடம் கடிதம், பிறகு நகரசபை மண்டபத்தில் கல்யாணம், அம்மாவுக்கு அந்தச் சமயத்தில் விசா கிடைக்கவில்லை, போனிலேயே ஆசீர்வாதம் செய்தாள், அடுத்த வருஷம் மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா, இங்க ஒரு வேளை சோறு போட்டாத்தான் எனக்குக் கல்யாணம் பண்ணுன மாதிரி இருக்கும் என்றாள், வரோம்மா என்றேன், அந்த அடுத்த வருடம் வந்து பதினோரு வருடம் ஆகிறது.

அவனை ஊருக்கு வா என்று ஏன் கேட்கவில்லை என்று என்னையே எத்தனை முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில், சமையலறையில், பனியில் வழுக்காமல் நடக்கையில், பதில் எப்போதும் லெவா என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் போய் முட்டுகிறது, நான் சொன்னேன், அவன் செய்தான், அவன் அப்படிப்பட்டவன், ஒரு வார்த்தை சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டான், இறக்கிவிடுவான், கயிற்று வேலையின் பழக்கம் அது, கீழே நிற்பவரை நம்பாவிட்டால் மேலே நிற்க முடியாது, அதனால் நான் சொல்வதையே விட்டுவிட்டேன், ஒளி வேலையையும் விட்டேன், அதில் நாள் முழுக்க யாருக்காவது ஏதாவது கட்டளையிட வேண்டும், அதே அரங்கத்தில் மேடைக்கு மேலே வெள்ளைப் பட்டையில் ஓடும் ஆங்கில வசன வரிகளை எழுதி ஓட்டும் வேலைக்குப் போனேன், யாரையும் எதுவும் செய்யச் சொல்லாத வேலை, அடுத்தவர் பேச்சை இரண்டு வரிக்குள் சுருக்கினால் போதும், வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் உப்பு அவன் பக்கம் இருந்தால் எழுந்துபோய் எடுத்துவருவேன், நாற்காலியை நகர்த்தச் சொல்லக்கூட உனக்கு வாய் வராதா, மிலாச்கு என்று கேலி செய்வான், கண்ணே என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது, நாலாம் வருடம் ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா என்று கேட்டான், வாயைத் திறந்தால் வா என்று வந்துவிடும், வந்து அங்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு நொடியில் மனம் எங்கெங்கோ ஓடிற்று, அந்த வெயில் உன்னால தாங்க முடியாது என்று மட்டும் சொன்னேன், சரி என்றான், அதையும் ஒரு உத்தரவாக எடுத்துக்கொண்டான், அதன் பிறகு கேட்கவே இல்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை நான் தனியாக ஊருக்குப் போகிறேன், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ரயிலேற்றிவிட்டுக் கையாட்டுகிறான், அந்தக் கை காதுவரைதான் போகிறது, அங்கே அம்மாவிடம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலம்மா என்கிறேன், ஜூலையும் ஆகஸ்டும் அந்த நாட்டில் அரங்கங்கள் எல்லாம் மூடிக் கிடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

போன ஞாயிறு அம்மா பேசினாள், குரலில் வழக்கமான அதட்டல் இருந்தது, நடுவில் மூச்சு வாங்கியது, இதயத்தில் மூன்று அடைப்பு, ஆபரேஷனுக்கு ஆகஸ்ட் பன்னிரண்டு தேதி குறித்தாயிற்று, பயப்படாதடி, நீ பாக்குறது ஒரு தியேட்டரு, நான் பாத்தது ஒரு தியேட்டரு, ஆயிரம் பேர உள்ள தள்ளிட்டுப் போயிருக்கேன், இப்ப என்னய ஒருத்தி தள்ளிட்டுப் போகப்போறா, அவ்வளவுதான் என்று சிரித்தாள், பிறகு சொன்னாள், நான் உள்ள படுத்திருப்பேன், எனக்கு மயக்க மருந்து குடுத்துருவாங்க, ஒண்ணும் தெரியாது, வெளிய நிக்கிறவங்களத்தான் பாத்திருக்கேன் பாப்பா, தனியா நிக்கிற பொண்ணுங்க அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கும், ஒரு வாய் தண்ணி குடிக்கப் போகாது, நீ அப்படி நிக்கக் கூடாது, மாப்பிள்ளைக்கு ஆகஸ்ட்ல வேல இல்லன்னு எனக்குத் தெரியும், நீ அவர்ட்ட கேக்கவே இல்லைன்னும் தெரியும், இந்த ஒரு தடவ கேளு, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எத்தனை டிராம் போயிற்று என்று தெரியவில்லை.

இன்று நாடகப் பருவத்தின் கடைசி மத்தியானக் காட்சி, நாளைக் காலை ராடிம் காட்டுக்குள் இருக்கும் அவன் அம்மாவின் குடிலுக்குப் புறப்படுகிறான், கூரையைப் பிரித்து மாற்றப்போகிறான், பிரித்துவிட்டால் முடிக்காமல் வரமாட்டான், அங்கே போனும் எடுக்காது, ஒரு வாரமாக நான் அந்த வாக்கியத்தை என் வேலையின் வழக்கப்படி வெட்டிக்கொண்டே வந்தேன், நாலு வரி மூன்றாயிற்று, இரண்டாயிற்று, இன்று காலை காப்பி ஊற்றும்போது ஒரு வரியாக இருந்தது, அவன் கோப்பையை வாங்கியதும் அதுவும் போய்விட்டது, காட்சி முடிகிறது, கைதட்டல், கடைசி வசனத்தின் ஆங்கிலத்தை அணைக்கிறேன், வெள்ளைப் பட்டை கறுப்பாகிறது, ஹ்லெதிஷ்டே காலியாகிறது, மூதாட்டிகள் கொடுத்துவைத்த குடைகளை வாங்க வரிசை நிற்கிறார்கள், என் கால் வெளிவாசலுக்குப் போகாமல் பக்கக் கதவைத் திறக்கிறது, அங்கே சுழன்று ஏறும் இரும்புப் படிகள், அந்த ஒத்திகைக்குப் பிறகு நான் ஒருமுறைகூட ஏறாத படிகள், ஏறுகிறேன், கைப்பிடி சில்லென்று இருக்கிறது, நடுவில் ஒரு இடத்தில் நின்று இறங்கிவிடலாமா என்று பார்க்கிறேன், கீழே பலகைத் தரையை ஒருவர் பெருக்கிக்கொண்டிருக்கிறார், மேலே ஏறுகிறேன், தூசியும் சணலும் வியர்வையும் கலந்த வாசனை, நூறு கயிறுகள் வரிசையாக இறங்குகின்றன, அவற்றுக்கு நடுவே அவன் முதுகு, கடைசிக் கயிற்றை இடக்கையால் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

திரும்பிப் பார்த்தவன் முகம் மாறுகிறது, நீ இங்கயா என்கிறான், உடனே கயிற்றின் மேல் கை போகிறது, கீழ ஏதாவது இறக்கணுமா, சொல்லு என்கிறான், அந்தக் கையைப் பார்க்கிறேன், உள்ளங்கையில் குறுக்கே மினுமினுப்பாக ஓடும் தழும்பு, சொன்னால் இறக்கிவிடுவான், எதை என்று கேட்கமாட்டான், பதினோரு வருடமாக நான் பயந்ததும் இதற்குத்தான், நான் அந்தக் கையைக் கயிற்றிலிருந்து எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்கிறேன், சொரசொரவென்று சூடாக இருக்கிறது, செக்கிலா ஆங்கிலத்திலா என்று நாக்கு தடுமாறுகிறது, எதில் வந்ததோ எனக்குத் தெரியாது, பாதி அதிலும் பாதி இதிலுமாக வந்திருக்க வேண்டும், இல்ல ராடிம், ஒண்ணும் இறக்க வேண்டாம், எனக்கு ஒண்ணு வேணும், கேக்கப்போறேன், நீ உடனே சரின்னு சொல்லக் கூடாது, யோசிச்சுட்டுச் சொல்லணும், எங்க அம்மா உன்னை ஒருநாளும் வேண்டாம்னு சொன்னதில்ல, வருஷா வருஷம் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, நான்தான் உங்கிட்ட சொல்லல, ஆகஸ்ட் பன்னிரண்டு அவங்களுக்கு இதய ஆபரேஷன், அந்தக் கதவுக்கு வெளிய என்னால தனியா நிக்க முடியாது, என்கூட திருச்சிக்கு வா.