சனியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள்

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் கிடைத்தது. நான் வாயை 'ஆ'வென்று திறந்துவைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். டாக்டரம்மா கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே கதையைச் சொன்னார். நடுவில் ஒரு கேள்வி கேட்க வழியில்லை. 'ஆ', 'ங்' என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளனால் விவரம் சேகரிக்க முடியும்? ஆகவே பள்ளம் விழுந்த இடங்களை நானே அடைத்திருக்கிறேன். அடைப்பது எப்படி என்று அங்கேயே பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இனி டாக்டர் என் பாத்திரம். 'அவள்' என்றே சொல்லப்போகிறேன்.*

* அடுத்த பல்லுக்குப் போகும்போது மறுபடி 'அவர்' ஆகிவிடுவார். ஊசி அவர் கையில் இருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "எல்லையற்ற பிரபஞ்சத்தின் பெருமௌனத்தில் ஒரு பெண் தன்னந்தனியே..."

அடித்துவிட்டேன். மௌனமாவது மண்ணாங்கட்டியாவது! நூலகத்து மொட்டை மாடியில் கூடிய கூட்டம் போட்ட சத்தத்தில் காது ஜவ்வு கிழிந்திருக்கும்.

அடுத்து இப்படி: "அவளுடைய நாத்தனார் ஒரு ராட்சசி." இது ஜோராக ஓடியது. ஒரு பக்கம் நிறைந்தது. அதை என்ன செய்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, நேராக விஷயத்துக்கு வருவோம். ஊரில் எல்லோரும் சனி பிடிக்காமலிருக்கப் பாடுபடுகிறார்கள். இவள் சனியைப் பிடித்து ஊருக்குக் காட்டவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சொந்தமாக ஒரு தொலைநோக்கி, நூலகத்தின் மொட்டை மாடி, பொழுது சாய்ந்ததும் ஒரு பேச்சு, பிறகு வரிசை. அன்று அவள் பேசினாளாம் பாருங்கள், சனியின் வளையங்களைப் பற்றி! பனிக்கட்டித் துண்டுகள், தூசு, கல் என்று பேசிக்கொண்டே இருக்க, வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். "ஆஹா!" "அருமை டாக்டர்!" ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், "கண்ணே கலங்கிடுச்சும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசி ஆளாக நாத்தனார் வந்தாள். கணவனின் தங்கை. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. வலக்கண்ணால் பார்த்தாள். இடக்கண்ணால் பார்த்தாள்.

"அண்ணி, இதுல ஒண்ணுமே இல்லையே. வெறும் இருட்டுதான் இருக்கு."

என்ன நடந்ததென்றால், அது மோட்டார் இல்லாத தொலைநோக்கி. பூமி சும்மா நிற்குமா? அது சுற்றச் சுற்ற, கண்வில்லைக்குள் இருக்கும் சனி மெல்ல ஓரத்துக்கு நழுவி வெளியே போய்விடும். ஒவ்வொருவர் பார்த்ததும் குழாயை லேசாகத் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். பேச்சு மும்முரத்தில் டாக்டர் அதை மறந்தே போனாள். இரண்டாவது ஆளிலிருந்து அத்தனை பேரும் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு, 'ஆஹா' சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஒருத்தர்கூடச் சொல்லலையேடி!"

"எப்படிச் சொல்லுவாங்க அண்ணி? முன்னாடி நின்னவர் ஆஹான்னுட்டார். தெரியலைன்னு சொன்னா இவர் முட்டாளாயிடுவாரே."

டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க அவள் கேட்பதே மரியாதைப் பொய்கள்தான். 'வலிக்கவே இல்லை டாக்டர்.' 'ரெண்டு வேளையும் தேய்க்கிறேன் டாக்டர்.' சாயங்காலமாவது யாராவது ஒருவர் ஒன்றை உள்ளபடியே பார்க்கவேண்டும் என்றுதான் அந்தக் குழாயை வாங்கினாள். இன்னும் ஒரே ஒரு தடவை, அன்றும் பொய் ஆஹாதான் என்றால் குழாயைப் பரணில் ஏற்றிவிடுவது என்று முடிவுகட்டினாள்.

3

இப்போது அந்த ராட்சசிப் பக்கம். என் திட்டம், இரண்டாவது நிகழ்ச்சியை நாத்தனார் கெடுப்பது. நாத்தனார் என்றால் வாசகர்கள் கேள்வி கேட்காமல் நம்புவார்கள் அல்லவா?

[யாரும் பார்க்காதபோது அவள் மெதுவாகக் குழாயின்மேல் கை வைத்து]

வரமாட்டேன் என்கிறது. யோசித்துப் பாருங்கள், அத்தனை பேரில் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதானே! அவளைப் போய் வில்லியாக்கினால் என் பேனாவே என்னைக் காறித் துப்பும். பக்கத்தைக் கிழித்துவிட்டு, "நீயே உனக்கு வேண்டிய இடத்தில் நின்றுகொள் தாயே" என்று விட்டுவிட்டேன். அவள் நேரே போய் மாடிப்படி வாசலில் நின்றாள்.

4

இரண்டாவது நிகழ்ச்சி. மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை பேச்சு சுருக்கம். டாக்டர் குழாயை விட்டு நகரவில்லை. வரிசையில் முதல் ஆள் அதே மேனேஜர்.

குனிந்தார். நிமிர்ந்தார். "ஆஹா! பிரமாதம்!"

இந்த 'ஆஹா' டாக்டருக்குத் தெரிந்ததுதான். மேனேஜர் படியை நோக்கிப் போனார். குறுக்கே ஒரு கை நீண்டது.

"என்ன சார் பார்த்தீங்க?" நாத்தனார்.

"சனிதாம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"பெருசா... சிவப்பா... ஜொலிச்சுக்கிட்டு..."

"அண்ணி! இவர் பார்க்கலை! சார், திரும்பிப் போங்க."

"என்னம்மா இது, வயசானவனைப் போய்..."

"ரயில்ல எத்தனை வயசானவங்களை இறக்கிவிட்டிருக்கேன் தெரியுமா? பார்க்காம யாரும் இந்தப் படி இறங்க முடியாது."

வரிசை கொல்லென்று சிரித்தது. மேனேஜர் அசடு வழியத் திரும்பி வந்தார். "நிஜத்தைச் சொல்றேன் டாக்டர். ஏதோ மசமசன்னு தெரிஞ்சுது. போன தடவை அதுகூட இல்லை."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார். அது என் தப்பு, உங்க தப்பு இல்லை" என்றாள் டாக்டர். குழாயை ஒரு மயிரிழை தள்ளினாள். மசமசப்பு தெளிய, கண்வில்லைத் திருகை மெல்லத் திருப்பினாள். "இப்ப?"

"இல்லை."

"இப்ப?"

குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"அய்யோ!" என்றார். "அய்யய்யோ! நிஜமாவே வளையம் இருக்கே! யாரோ வரைஞ்சு ஒட்டினாப்ல இருக்கே!"

ஒரு பல் டாக்டருக்குப் பொய் 'வலிக்கலை'யும் தெரியும், நிஜ 'அய்யோ'வும் தெரியும். நரம்பைத் தொட்டால் மட்டுமே வருகிற அந்த 'அய்யோ'வைக் கேட்டு வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் துள்ளிக் குதித்தாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. "எனக்குத் தெரியலை டாக்டர்!" என்று அடுத்தவர் பெருமையாகக் கத்தினார். "எனக்கும்!" என்றது பின்வரிசை. ஒவ்வொரு 'தெரியலை'க்கும் அவள் குழாயைத் தள்ளினாள், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஓர் 'அய்யோ' வந்தது. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் வரிசையின் வாலில் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் படியருகே போய், கேட்காதவர்களிடமும் வளையத்தின் சாய்வைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அவள் ஜெயித்துவிட்டாள். நான் எழுதியதால் ஜெயித்தாள் என்று நினைக்காதீர்கள். நான் வெறுமனே வாயைத் திறந்துவைத்திருந்தேன்.

5

எல்லோரும் பார்த்தார்கள். காவல் நின்ற நாத்தனார் மட்டும் பார்க்கவில்லை.

"வாடி, இப்ப உன் முறை" என்று டாக்டர் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். நாத்தனார் குனிந்தாள். வலக்கண். இடக்கண்.

முடிவு அ: மேகம் மூடிவிட்டது. (என் அனுமதியில்லாமல் ஒரு மேகமும் வராது. வேண்டாம்.)

முடிவு ஆ: நாத்தனார் தேம்பித் தேம்பி அழுது, "அண்ணி, நீங்க எனக்கு இன்னொரு அம்மா" என்று... (சீச்சீ.)

முடிவு இ: அவள் நிமிர்ந்து, அண்ணியைப் பார்த்து,

"கொப்பளிங்க" என்றார் டாக்டர்.

கொப்பளித்தேன். மரத்துப்போன வாயால், "உங்ங நாங்ங என்ங சொன்ங..." என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். அவருக்குப் பின்னால், மருத்துவமனை மூலையில், பரணுக்குப் போகாத அந்தக் குழாய் தூசு துடைத்துப் பளபளவென்று நின்றது.

"இன்னைக்குச் சாயங்காலம் மாடிக்கு வாங்க. படியில நிப்பா. அவகிட்டயே கேளுங்க."

போனேன். இதோ வரிசையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நிற்பது நீங்கள்தான். 'ஆஹா, அருமையான கதை' என்று சொல்லிவிட்டு நழுவலாம் என்று பார்க்காதீர்கள். படியின் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு அவள் உங்களைக் கேட்கப்போகிறாள்: "என்ன பார்த்தீங்க?"

தெரியவில்லை என்றால் தைரியமாகச் சொல்லுங்கள். நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறேன்.